தூண்கள் நிற்கும் நிலம்: கிளீவ்லாந்து இரும்புக்கல் சுரங்கங்கள் விட்டுச்சென்ற ஆபத்துகள்

1999ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் சால்ட்பர்ன் என்ற ஊரை ஒட்டிய ஓடை ஒன்று காவி நிறமாக மாறியது. மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு வழியே கடலை நோக்கி இறங்கும் ஓடை அது. மழை வெள்ளம் கலக்கிய மண்ணாக இருந்திருந்தால் இரண்டொரு நாளில் தெளிந்திருக்கும். இது தெளியவே இல்லை. படுகைக் கற்களின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பசை படிந்துகொண்டே போனது. கிளீவ்லாந்து எனப்படும் அந்த வட்டாரத்தின் கடைசி இரும்புக்கல் சுரங்கமான வடக்கு ஸ்கெல்டன், 1964 ஜனவரியிலேயே மூடப்பட்டிருந்தது. 35 ஆண்டுகள் வாய் திறவாமல் கிடந்த சுரங்கங்கள் ஏன் அப்போது பொங்கின?

இந்த ஆய்வு அந்தக் கேள்வியில் தொடங்கினாலும் ஓடையோடு நிற்கவில்லை. சுரங்கம் மூடிய நிலத்தில் குழி விழுவது, ஊற்று நிறம் மாறுவது, வீட்டின் தரை மேலெழுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு விபத்துகளாகவே பேசப்படுகின்றன. என் பார்வையில் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: எந்தப் பாறையைத் தோண்டினார்கள், எதைத் தோண்டாமல் விட்டார்கள் என்பது. அது தெரிந்தவர்களுக்கு இந்த ஆபத்துகளின் பெரும்பகுதி வியப்பாக இருக்காது.

பாறை

கிளீவ்லாந்து இரும்புக்கல் ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 18.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில் படிந்தது. கரையிலிருந்து மணலும் சேறும் வருவது குறைந்த இடைவெளிகளில், கடலடியில் இரும்பு செறிந்த நுண்ணிய மணிகள் உருவாயின. கையில் எடுத்துப் பார்த்தால் மீன் முட்டைகளை ஒட்டவைத்தது போலத் தெரியும். அந்த மணிகள் பெரும்பாலும் பெர்தியரின் என்ற இரும்புச் சிலிக்கேட் கனிமத்தால் ஆனவை. அவற்றைப் பிணைத்திருப்பது சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட். சிடரைட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடையின் கதையில் அது மீண்டும் வரும்.

இந்தத் தொகுதியில் இரும்புக்கல் ஒரே பாளமாக இல்லை. கீழிருந்து மேலாக அவிகுலா, ரெய்ஸ்டேல், இரண்டடி, பெக்டன், முதன்மை அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள், இடையிடையே களிப்பாறை. அவிகுலாவும் பெக்டனும் அந்தந்த அடுக்கில் கிடைக்கும் தொல்சிப்பிகளின் பெயர்கள். பழைய நிலவியலாளர்கள் சிப்பியை வைத்தே அடுக்கை அடையாளம் கண்டார்கள். வடக்கே எஸ்டன் குன்றுகளில் முதன்மை அடுக்கு 3 மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. தென்கிழக்கே போகப் போக அது மெலிகிறது, நடுவில் களிப்பாறை புகுந்து அதைப் பிளக்கிறது. தாதுவில் இரும்பின் பங்கு சுமார் 30 சதவீதம்தான். உலைக்குப் போகும் முன் சூளையில் வறுத்து, நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. பாஸ்பரஸ் வேறு அதிகம். அதனால் இந்தத் தாதுவின் இரும்பிலிருந்து நல்ல எஃகு செய்வது நெடுங்காலம் கைகூடவில்லை; 1879இல் பாஸ்பரஸை நீக்கும் தாமஸ், கில்கிறிஸ்ட் இருவரின் முறை அருகிலுள்ள மிடில்ஸ்பரோ நகரில் வெற்றி பெற்ற பிறகே அந்தத் தடை நீங்கியது.

தாதுவைவிட அதன் மேலே கிடக்கும் பாறைதான் இன்றைய ஆபத்துக்கு முக்கியம். சுரங்கத்தின் கூரை விட்பி களிப்பாறைத் தொகுதி. அடியில் சாம்பல் நிறக் களிப்பாறை. அதற்கு மேல், ஜெட் என்ற கரிய அணிகல் கிடைக்கும் கருநிற ஜெட் பாறை. அதற்கும் மேல் படிகாரக் களிப்பாறை. மெல்லிய தகடுகளாகப் பிரியும் இந்தப் பாறை, காற்றும் ஈரமும் பட்டால் நொறுங்கிச் சேறாகும். அதனுள் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் பொடிப்பொடியாகப் பரவிக் கிடக்கிறது. முதன்மை அடுக்கின் உச்சியிலும் பைரைட் செறிந்த ஒரு பட்டை உண்டு. சுரங்கத்தார் அதைக் கந்தகப் பட்டை என்றே அழைத்தார்கள்.

கந்தகம் இருப்பது யாருக்கும் தெரியாத மறைபொருள் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1871 வரை இதே கடற்கரையில் படிகாரத் தொழில் நடந்தது. மேலடுக்குக் களிப்பாறையை வெட்டிக் குவித்து, மாதக்கணக்கில் கனலவிட்டு, சாம்பலை நீரில் ஊறவைத்துச் சல்பேட் கரைசலை எடுப்பார்கள். பைரைட் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்தால் கந்தக அமிலம் பிறக்கும் என்ற வேதியியலை வைத்தே ஒரு தொழில் இரண்டரை நூற்றாண்டு பிழைத்திருக்கிறது. அதே வினை, நெருப்பில்லாமல், யாரும் பார்க்காமல், கைவிட்ட சுரங்கங்களுக்குள் நடந்தது.

தோண்டிய கதை

1848இல் ஸ்கின்னிங்ரோவில் சுரங்கம் திறந்தார்கள். பெரும் பாய்ச்சல் வந்தது 1850 ஜூன் 8 அன்று: இரும்பாலை அதிபர் ஜான் வாகனும் சுரங்கப் பொறியாளர் ஜான் மார்லியும் எஸ்டன் குன்றில் முதன்மை அடுக்கின் தடித்த முகத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே தாது ரயிலில் போய்க்கொண்டிருந்தது. 1801இல் 25 பேர் வாழ்ந்த மிடில்ஸ்பரோ, நூறாண்டில் 91,000 பேர் கொண்ட நகரமானது. 1883இல் கிளீவ்லாந்தின் உற்பத்தி உச்சம் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 67 லட்சம் டன். பிறகு வெளிநாட்டுச் செழுந்தாது மலிவாக வர, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. எஸ்டன் 1949இல் நின்றது. கடைசியாக வடக்கு ஸ்கெல்டன்.

தூண்கள்

நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது தோண்டிய முறை. இணையான பாதைகளை அடுக்குக்குள் ஓட்டி, குறுக்குப் பாதைகளால் அவற்றை இணைப்பார்கள். இடையில் மிஞ்சும் சதுரங்களும் நீள்சதுரங்களும்தான் தூண்கள். மேலுள்ள நிலத்தை அவையே தாங்கும். சுரங்க எல்லையை அடைந்ததும் திரும்பி வரும் வழியில் அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, தூணைச் சீவி, முட்டுக்கட்டைகளை உருவிக்கொண்டு பின்வாங்குவார்கள். முதுகுக்குப் பின்னால் கூரை விழும். சுரங்கத் தொழிலில் உயிரை அதிகம் பணயம் வைத்த கட்டம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நிலத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். தூண்களை முழுவதும் எடுத்துவிட்ட பகுதியில் கூரை உடனே விழுந்தது. நிலம் சில மாதங்களில், சில ஆண்டுகளில் தாழ்ந்து அடங்கிவிட்டது. நூறாண்டு கழித்து அங்கே எஞ்சியிருப்பது பெரும்பாலும் இறுகிய இடிபாடு. ஆனால் ஊரின் அடியிலும், ரயில் பாதையின் அடியிலும், மாளிகைகளின் அடியிலும் மேற்பரப்பைக் காப்பாற்றுவதற்காகத் தூண்களை விட்டுவைத்தார்கள். அங்கே வெற்றிடம் அப்படியே இருக்கிறது. அன்று காப்பாற்றப்பட்ட நிலமே இன்று கவலைக்குரிய நிலம்.

தூண்கள் நிரந்தரமானவை அல்ல. அவற்றின் பக்கங்கள் உரிகின்றன. நடுவே களிப்பாறைப் பட்டை ஓடும் தூண்களில் அந்தப் பட்டை ஈரத்தில் மெதுமெதுப்பாகி வழுக்குகிறது. தூணின் அடியில் மென்மையான களிப்பாறை இருந்தால் தூண் உடையாமலே தரைக்குள் அமுங்கும். ஒரு தூண் தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துத் தூணுக்குப் போகிறது. தூண்கள் மெலிதாகவும் பாதைகள் அகலமாகவும் இருந்தால் இந்தச் சுமை மாற்றம் ஒரு வட்டாரத்தையே சாய்த்துவிடும்.

பிரான்சின் லொரேன் பகுதியில் இதுதான் நடந்தது. அதுவும் ஜுராசிக் கால மணி இரும்புக்கல். அங்கும் தூண்கள் விட்ட சுரங்கங்கள். 1996 அக்டோபரில் ஔபுவே ஊரில் தூண்கள் நசுங்கி, குடியிருப்பின் வீடுகள் பத்துப் பத்தாக விரிசல் விட்டுக் குடியிருக்க முடியாதவையாயின. அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான மூத்தியேவிலும் நிலம் இறங்கியது. அந்தச் சுரங்கங்களும் ஊரைக் காப்பாற்றத்தான் தூண்களை விட்டிருந்தன.

ஆழம் குறைந்த இடங்களில் ஆபத்தின் வடிவம் வேறு. தூண் உடையவே வேண்டாம். பாதைகள் சந்திக்கும் இடத்தில் கூரை மட்டும் உதிர்ந்தால் போதும். உதிர்ந்த பாறை தளர்ந்து பருக்கும். 3 மீட்டர் உயர வெற்றிடத்தில் விழும் பாறை 30 சதவீதம் பருத்தால், ஏறத்தாழ 10 மீட்டர் கூரை விழுந்த பிறகு வெற்றிடம் தானாக நிரம்பிவிடும். 20 சதவீதமே பருத்தால் 15 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கை நம்பி, 20 மீட்டர் ஆழத்தில் கவலையில்லை என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் படித்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. சந்திப்பில் விழும் இடிபாடு நான்கு பக்கமும் பாதைகளுக்குள் சரிந்து பரவும். தண்ணீர் ஓடினால் நொறுங்கிய களிப்பாறையை அடித்துக்கொண்டு போகும். அப்போது நிரப்ப வேண்டிய இடம் கணக்கிட்டதைவிடப் பெரிதாகிறது, வெற்றிடம் மேலே ஏறிக்கொண்டே போகிறது.

அதற்கு மேல் பனியுகக் களிமண் படலம் போர்த்தியிருந்தால் நிலைமை மோசம். கெட்டியான களிமண் வெற்றிடத்தின் மேல் பாலம் போலச் சிலகாலம் நிற்கும். மேலே புல் வளரும், மாடு மேயும். ஒரு மழைக்காலத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது உள்ளே விழும். எஸ்டன் போன்ற குன்றுகளில், தாது வெளியே தலைகாட்டும் விளிம்பை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிகளில்தான் இந்தக் குழிகளை எதிர்பார்க்க வேண்டும்.

வரைபடம் சொல்லாதவை

பிரிட்டனில் 1872ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைச் சட்டம் அடுக்கு இரும்புக்கல் சுரங்கங்களுக்கும் பொருந்தியது. கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கடமை அதிலிருந்து தொடங்கியது. பெரும் நன்மை அது. ஆனால் எஸ்டன் கண்டுபிடிப்பு 1850. இடையிலுள்ள 22 ஆண்டுகளில் எங்கே தோண்டியிருப்பார்கள்? எளிதாகக் கிடைத்த இடத்தில்தான்: குன்றின் விளிம்பில், மேற்பரப்புக்கு மிக அருகில். ஆக, ஆழம் மிகக் குறைந்த, ஆபத்து மிகுந்த தோண்டல்களுக்கே ஆவணம் மிகக் குறைவு. இந்த ஒரு பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

இருக்கும் வரைபடங்களையும் அப்படியே நம்ப முடியாது. சில காந்த வடக்கை வைத்து வரையப்பட்டவை. காந்த வடக்கு நூறாண்டில் பல பாகைகள் நகர்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் அடையாளமாகக் காட்டிய வேலியும் கொட்டகையும் இன்று இல்லை. கடைசிக் காலத்தில் அவசரமாகச் சீவிய தூண்கள் வரைபடத்தில் முழுத் தூண்களாகவே நிற்கக்கூடும். வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடத்துக்குத் தோண்டப்படாத பாறை என்று பொருள் கொள்வது, இந்தத் துறையில் செய்யக்கூடிய மிக விலையுயர்ந்த தவறு.

தண்ணீர் ஏறியபோது

இப்போது ஓடைக்குத் திரும்பலாம். சுரங்கங்கள் நடந்தபோது பம்புகளும் வடிகால் சுரங்கப்பாதைகளும் நீர்மட்டத்தைக் கீழேயே வைத்திருந்தன. அதன் விளைவாகப் பல சதுர கிலோமீட்டர் பரப்பில் பைரைட் கொண்ட பாறைக்குக் காற்று கிடைத்தது. விழுந்து நொறுங்கிய கூரைப்பாறையின் ஒவ்வொரு துண்டும் ஆக்சிஜனுக்குத் திறந்த புதிய முகம். பத்தாண்டுகள் கணக்கில் பைரைட் ஆக்சிகரணமாகி, இரும்புச் சல்பேட் உப்புகளாகச் சுவர்களிலும் இடிபாடுகளிலும் படிந்து காத்திருந்தது. ஒரு டன் பைரைட் முழுமையாக வினைபுரிந்தால் 1.6 டன் கந்தக அமிலத்துக்குச் சமமான அமிலத்தன்மை பிறக்கும்.

பம்புகள் நின்றதும் நீர் ஏறத் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்கள் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் ஒரு சுரங்கம் நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, அதுவும் நிரம்ப வேண்டியிருந்தது. 35 ஆண்டு அமைதிக்கு இதுவே காரணம். ஏறிய நீர் சுவர்களில் காத்திருந்த உப்பையெல்லாம் கரைத்தது. வெளியேற வழி கிடைத்த தாழ்ந்த இடத்தில் பொங்கியது. அந்த இடம் சால்ட்பர்ன் பள்ளத்தாக்கு.

சுண்ணாம்புக்கல் பிரதேசத்தில் இப்படி நடந்தால் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் அமிலத்தை அடக்கிவிடும் என்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். இங்கே கார்பனேட் இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி சிடரைட். சிடரைட் கரையும்போது அமிலத்தை அப்போதைக்கு நடுநிலைப்படுத்துவது உண்மைதான். கூடவே அது இரும்பையும் நீரில் விடுகிறது. அந்த நீர் வெளியே வந்து காற்றைத் தொட்டதும், இரும்பு ஆக்சிகரணமாகிக் காவியாக வீழ்படியும்போது, உறிஞ்சிய அமிலம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் கார்பனேட் அளவை மட்டும் பார்த்து, இந்தப் பாறை அமிலத்தைத் தாங்கும் என்று முடிவு கட்டுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

காவிப் படிவு நஞ்சு என்பதைவிட மூச்சடைப்பு என்று சொல்வதே சரி. கற்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில்தான் நீர்ப்பூச்சிகளின் இளம் உயிர்கள் வாழ்கின்றன, மீன்கள் முட்டையிடுகின்றன. அந்த இடைவெளிகள் மூடிவிட்டால் ஓடையின் உணவுச் சங்கிலி அடியிலேயே அறுந்துவிடும்.

ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சுற்றுச்சூழல் முகமையும் நிலக்கரி ஆணையமும் அரசு நிதியோடு சேர்ந்து, 2010களின் நடுப்பகுதியில் சுத்திகரிப்பு அமைப்பை இயக்கத்துக்குக் கொண்டுவந்தன. சுரங்க நீரை இறைத்து நீர்மட்டத்தைப் பள்ளத்தாக்கின் ஊற்றுமட்டத்துக்குக் கீழே வைத்திருப்பதும், இறைத்த நீரிலிருந்து இரும்பைப் பிரித்த பிறகே வெளியே விடுவதும் அதன் வேலை. ஓடை தெளிந்தது. 1964இல் நிறுத்திய பம்புகளை அரை நூற்றாண்டு கழித்துப் பொதுப்பணத்தில் மீண்டும் ஓட்டுகிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

தரை மேலெழுந்த வீடுகள்

சுரங்கக் கழிவு மேடுகளும் ஆபத்தில் பங்கு பெறுகின்றன. வெட்டி எறிந்த களிப்பாறை மலிவான நிரப்புப் பொருளாகத் தெரிந்தது. மிடில்ஸ்பரோவைச் சுற்றிய டீசைடு பகுதியில் வீடுகளின் கான்கிரீட் தரைக்கு அடியில் இத்தகைய களிப்பாறையை நிரப்பிக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் தரைகள் குமிழ் போல மேலெழுந்து, சுவர்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டன. நிரப்பிலிருந்த பைரைட் அமிலமாகி, அந்த அமிலம் கால்சைட்டைத் தாக்கி ஜிப்சம் உண்டாயிற்று. கால்சைட் ஜிப்சமாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ இருமடங்காகிறது. பாறைத் தகடுகளுக்கு இடையே அந்தப் படிகங்கள் வளர்ந்தால் தரையைத் தூக்காமல் என்ன செய்யும்? சல்பேட் கான்கிரீட்டையும் கூடவே அரிக்கிறது. சுரங்கத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, அடியில் ஒரு வெற்றிடமும் இல்லாத நிலத்தில்கூட இது நடக்கலாம். வரைபடத்தைப் பார்த்து, இங்கே சுரங்கம் இல்லை என்று நிம்மதி அடைபவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: தரைக்கு அடியில் கொட்டியது எங்கிருந்து வந்தது?

யார் பொறுப்பு

பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்தால் வீடு சேதமடைந்தால் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கோரலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி ஆணையத்தை உருவாக்கியது. 2024 நவம்பர் முதல் அது சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்ற பெயரில் இயங்குகிறது. இரும்புக்கல்லுக்கு அந்த இழப்பீட்டு உரிமை இல்லை. அதே வகைத் தூண், அதே வகைக் கூரை, அதே வகைக் குழி. தோண்டிய பொருள் மட்டும் வேறு. கட்டுமானத் திட்டங்களில் நிலத்தின் உறுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நில உரிமையாளர் அல்லது கட்டுபவர் தலையில்தான் விழுகிறது.

தண்ணீர் விஷயத்தில் இடைவெளி இன்னும் அகலம். 1991ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம், கைவிட்ட சுரங்கத்திலிருந்து மாசுநீர் வெளியேற விட்ட உரிமையாளருக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு பின்னர் நீக்கப்பட்டபோது, 1999 டிசம்பர் 31க்குப் பின் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு மட்டுமே நீக்கப்பட்டது. கிளீவ்லாந்தின் இரும்புக்கல் சுரங்கங்கள் எல்லாமே அந்த நாளுக்கு முன்பே கைவிடப்பட்டவை; அவற்றுக்கு விலக்கு அப்படியே நீடிக்கிறது. பிரான்ஸ், ஔபுவே நிகழ்வுக்குப் பிறகு 1999 மார்ச் 30 அன்று புதிய சட்டம் இயற்றி, சுரங்கம் நடத்தியவரின் பொறுப்பு நிலத்தை ஒப்படைப்பதோடு முடியாது என்றும், அவர் இல்லாமல் போனால் அரசே பொறுப்பு என்றும் வகுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பிரெஞ்சு வழிதான் நியாயமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தக் கனிமத்துக்காகத் தோண்டினார்கள் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் இழப்பை அளப்பதில் அறம் எதுவும் இல்லை.

மனைக்கு வந்து நிற்கும்போது

இந்த வட்டாரத்தில் கட்டடம் எழுப்பப்போகும் ஒரு மனையை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டியது முதன்மை அடுக்கின் ஆழம். 30 மீட்டருக்குள் என்றால் கைவிட்ட வரைபடம் இருக்கிறதோ இல்லையோ, துளையிட்டே தீர வேண்டும். ஒரு துளை போதாது. அது தூணைத் துளைத்துத் திடமான பாறையைக் காட்டிவிட்டுப் போய்விடும். பாதையின் அகலத்தையும் தூணின் அளவையும் கருதி நெருக்கமான இடைவெளியில் துளைகளை அமைக்க வேண்டும். துளைக்கருவி திடீரென்று இறங்கியதா, துளைநீர் திரும்பி வராமல் மறைந்ததா, இடிந்த பாறை எந்த ஆழத்தில் தொடங்கியது என்பவற்றைத் துளையிடுபவர் அந்தந்த நிமிடமே குறித்துக்கொள்ள வேண்டும். முதன்மை அடுக்கோடு நிறுத்திவிடாமல், தோண்டப்பட்டிருக்க வாய்ப்புள்ள பெக்டன், இரண்டடி அடுக்குகள் வரை சில துளைகளாவது போக வேண்டும்.

வாயுவை மறக்கக் கூடாது. இரும்புக்கல் சுரங்கத்தில் வாயு இருக்காது என்ற எண்ணம் பொய் என்பதை, 1953இல் லிங்டேல் சுரங்க வெடிப்பு 8 உயிர்களைப் பறித்துக் காட்டியது. கைவிட்ட சுரங்கத்தில் அதைவிட அடிக்கடி எதிர்பார்க்க வேண்டியது ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்று. பைரைட் ஆக்சிஜனை உண்கிறது. அதன் அமிலம் கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை விடுவிக்கிறது. வளிமண்டல அழுத்தம் சட்டென்று குறையும் நாளில் அந்தக் காற்று துளை வழியே, குழி வழியே மேலே வரும். அளவீடு ஒரு தெளிந்த நாளில் மட்டும் எடுக்கப்பட்டிருந்தால் அது எதையும் சொல்லாது.

வெற்றிடம் இருப்பது உறுதியானால் சிமெண்டும் சாம்பலும் கலந்த குழம்பை ஊற்றி நிரப்புவது வழக்கம். நல்ல வழிதான். ஆனால் நிரப்பும் பாதை, சுரங்க நீர் பல பத்தாண்டுகளாக ஓடிவரும் வாய்க்காலாகவும் இருக்கலாம். அதை அடைத்தால் நீர் நின்றுவிடாது. பக்கத்து மனையின் அடியிலோ, இதுவரை தெளிவாக ஓடிய வேறொரு ஊற்றிலோ வெளிவரும். அதனால் குழம்பு வண்டி மனைக்குள் வருவதற்கு முன்பே, சுற்றியுள்ள ஊற்றுகளின் ஓட்டத்தையும் நிறத்தையும் இரும்பின் அளவையும் குறைந்தது ஒரு மழைக்காலம் முழுவதும் அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும்.